நொய்யலும் பின்னலாடையும்

கொங்கு நாட்டின் மேற்கெல்லையில் ஓங்கி நிற்பது வெள்ளியங்கிரி மலை. அம்மலைச் சாரலிற் பிறக்கும் சிற்றோடைகள் பல ஒன்றுகூடி நொய்யல் என்னும் ஆறாகின்றன. காஞ்சிமாநதி என்பது இதன் பழம்பெயர். பேரூர்த் திருக்கோயிலின் அருகே ஓடி, கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய மாவட்டங்களின் வழியே சென்று, நொய்யல் என்று தன் பெயரையே தாங்கிய ஊரின் அருகில் இது காவிரியொடு கலக்கின்றது. ஆண்டு முழுதும் கரை புரண்டோடும் பேராறு அன்று இது. மழைக்காலத்துப் பெருகி, வேனிலில் மெலியும் இயல்பினது. அவ்வியல்பை உணர்ந்த நம் முன்னோர், ஆற்றின் குறுக்கே அணைக்கட்டுகள் பல அமைத்து, வாய்க்கால்களின் வழியே வெள்ளத்தைக் குளங்களிற் சேர்த்து வைத்தனர். வந்த நீரை வீணாக்காது காத்துப் பயன்கொள்வதே அவர்கள் கண்ட நெறி.

இவ்வாற்றின் கரையில் அமைந்த நகரமே திருப்பூர். இந்திய விடுதலைப் போரில், 1932ஆம் ஆண்டு, கொடி காத்து உயிர் நீத்த குமரனை நமக்கு அளித்த ஊர் அது. பருத்திச் சந்தைக்கும் கதருக்கும் பெயர் பெற்றிருந்த அவ்வூர், காலப்போக்கில் பனியன் நெய்யும் ஊராயிற்று. 1970களுக்குப் பின் அதன் ஆடைகள் கடல் கடந்து செல்லத் தொடங்கின. 1990ஆம் ஆண்டு ஏற்றுமதியாளர் தமக்கெனச் சங்கம் ஒன்று நிறுவிக்கொண்டனர். 2009ஆம் ஆண்டு திருப்பூர் தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. 2021-22ஆம் ஆண்டு முதல் இங்கிருந்து ஆண்டுதோறும் ஏற்றுமதியாகும் பின்னலாடைகளின் மதிப்பு 30,000 கோடி ரூபாய்க்கு மேற்பட்டதாகும். மழையை நம்பி வாழ்ந்த வறண்ட நிலத்து மக்கள் இலட்சக்கணக்கானோர்க்கு இத்தொழில் சோறு அளித்தது. தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தோர்க்கும் வாழ்வு அளித்தது. இஃது எளிய சாதனை அன்று.

ஆயினும், ஒரு தொழில் வளரும்பொழுது அதனைச் சுமக்கும் நிலமும் நீரும் தேய்ந்து போகுமாயின், அவ்வளர்ச்சி எத்தனை நாள் நிற்கும்? இவ்வினாவை உலகம் இன்று பரவலாகக் கேட்கின்றது. 1987ஆம் ஆண்டு, நார்வே நாட்டுப் புருண்ட்லாண்ட் அம்மையாரின் தலைமையில் அமைந்த ஐக்கிய நாடுகள் ஆணையம், இக்காலத்தார் தம் தேவையை நிறைவு செய்யும் முயற்சி, வருங்காலத்தார் தம் தேவையை நிறைவு செய்துகொள்ளும் ஆற்றலைக் கெடுத்துவிடலாகாது என்று அறிவுறுத்தியது. அந்நெறிக்கு நீடித்த வளர்ச்சி என்பது பெயர். 2015ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் மன்றம், 2030ஆம் ஆண்டிற்குள் எய்த வேண்டிய 17 குறிக்கோள்களை வகுத்தது. இன்று மண்ணைத் தோண்டி இரும்பும் செம்பும் அலுமினியமும் எடுக்கும் சுரங்க நிறுவனங்கள் முதல் ஆடை தைக்கும் ஆலைகள் வரை, "இத்தனை நீரைச் சேமிப்போம், இத்தனை புகையைக் குறைப்போம்" என்று குறிக்கோள்களை அறிவிக்கின்றன.

அறிவித்தல் எளிது; எய்துதல் அரிது. ஒரு குறிக்கோள் எப்பொழுது உண்மையான குறிக்கோளாகின்றது? எப்பொழுது அது வெறுஞ்சொல்லாய்ப் போகின்றது? இதற்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நொய்யலின் வரலாறே போதும்.

பருத்தித் துணியைப் பின்னியவுடன் அஃது அழுக்கு வெண்மையாய் இருக்கும். அதனைச் சலவைப்பட்டறையில் வெளுத்து, பின்னர்ச் சாயப்பட்டறையில் நிறம் ஏற்றுவர். துணி நீரில் நனைந்தவுடன் சாயம் தானே சென்று நூலிழையைப் பற்றிவிடுவதில்லை. பற்றச் செய்வதற்கு உப்பு வேண்டும். அடர்ந்த நிறமாயின், சாயத் தொட்டியின் ஒவ்வொரு லிட்டர் நீரிலும் 60 கிராம் அளவு உப்பு இடுவதுண்டு. ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் தொட்டி நீர் என்று கொள்வோமானால், 600 கிராம் உப்பு ஆகின்றது. அவ்வுப்பு துணியில் தங்குவதில்லை. சாயத்தை உந்திவிட்டு, தான் நீரிலேயே நின்றுவிடும். பற்றாத சாயமும் உப்பும் சோடாவும் கலந்த அந்நீரே கழிவாக வெளியேறுகின்றது.

பட்டறை ஒன்றிரண்டாய் இருந்த காலத்தில் ஆறு அதனைப் பொறுத்துக்கொண்டது. பட்டறைகள் எழுநூற்றுக்கும் மேலாகப் பெருகியபொழுது, நாளொன்றுக்கு 8 கோடி லிட்டருக்கு மேற்பட்ட கழிவுநீர் வெளிப்பட்டது. மாணவர்களே, நீங்களே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கழிவுநீரில் 5 கிராம் உப்புக் கரைந்திருப்பதாகக் கொள்ளுங்கள். 8 கோடி லிட்டரில் 400 டன் உப்பு ஆகின்றது அன்றோ! பத்து டன் ஏற்றும் லாரிகள் நாற்பது, நாள்தோறும் ஆற்றங்கரைக்கு வந்து உப்பைக் கொட்டிச் செல்வதற்கு இஃது ஒப்பாகும். மழையில்லா மாதங்களிலோ ஆற்றில் வேறு நீர் இல்லை. அக்காலத்தில் நொய்யலில் ஓடியதெல்லாம் பெரும்பாலும் கழிவே.

திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைக்கு அருகில், ஒரத்துப்பாளையம் என்னும் ஊரில் 1992ஆம் ஆண்டு ஓர் அணை கட்டி முடிக்கப்பெற்றது. ஈரோடு, கரூர்ப் பகுதிகளின் வயல்களுக்கு நீர் அளிப்பதே அதன் நோக்கம். உழவர் பலகாலம் வேண்டிப் பெற்ற அணை அது. ஆனால் நிகழ்ந்தது என்ன? மேலிருந்து வந்த சாயக்கழிவு அணையில் தேங்கிற்று. தேங்கிய நீர் நிலத்தினுள் ஊறி, சுற்றியிருந்த கிணறுகளின் நீரை உவர்ப்பாக்கிற்று. தென்னைகள் குலை தள்ளாது மெலிந்தன. கால்நடைகளுக்குக் காட்ட நீரின்றி மக்கள் தவித்தனர். அணையைத் திறந்துவிடுங்கள் என்று வேண்டுவதே உழவர் வழக்கம். இங்கோ அணையைத் திறந்துவிடாதீர் என்று உழவர் மன்றாடும் நிலை வந்தது. பாசனத்திற்கென்று கட்டிய அணை கழிவுத் தொட்டியாய் மாறியதைக் காட்டிலும் கொடிய காட்சி வேறு உண்டோ?

1990களின் இடைப்பகுதியிலேயே உழவர் சங்கத்தார் நீதிமன்றத்தை நாடினர். அதன் பின்னர்ப் பட்டறை உரிமையாளர் பலர் ஒன்றுகூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தனர். அவற்றில் வேதிப்பொருள்களை இட்டும், நுண்ணுயிர்களை வளர்த்தும் கழிவுநீரைத் தெளியவைத்தனர். சிவப்பாகவும் நீலமாகவும் உட்சென்ற நீர் ஏறத்தாழ நிறமின்றி வெளிவந்தது. கண்டோர் மகிழ்ந்தனர். ஆனால், நீரிற் கரைந்த உப்பு கண்ணுக்குப் புலப்படுவதன்று. அஃது அந்நிலையங்களுக்குக் கட்டுப்படவும் இல்லை. உட்சென்ற உப்பு உள்ளவாறே வெளியே வந்து ஆற்றிற் கலந்தது. நிலத்தைக் கெடுத்தது உப்பு. நிலையங்கள் நீக்கியதோ நிறம். ஆதலின், கோடிக்கணக்கான பணம் செலவாகியும் கிணறுகள் இனிக்கவில்லை. எதனை அளக்க வேண்டுமோ அதனை அளவாமல், கண்ணுக்கு எளிதிற் புலப்படுவதை அளந்து நிறைவு கொள்ளுதல் குறிக்கோள் அமைப்போர் பலரிடமும் காணப்படும் குறை. இதனை நீங்கள் நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும்.

2003ஆம் ஆண்டு நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தார் சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். 2006ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. 2007ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாளுக்குள், பட்டறைகள் ஒரு துளிக் கழிவுநீரையும் வெளிவிடாத நிலையை எய்த வேண்டும் என்பது அதன் கருத்து. அதுவரையில், வெளிவிடும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா தண்டம் செலுத்த வேண்டும். மாதங்கள் செல்லச் செல்ல அது 8 பைசாவாகவும், பின்னர் 10 பைசாவாகவும் உயரும். ஆறு பைசா சிறு தொகை என்று எண்ணற்க. ஒரு கோடி லிட்டருக்கு அஃது 6 இலட்சம் ரூபாய் ஆகும்.

இத்தீர்ப்பில் ஒரு குறிக்கோளுக்கு வேண்டிய உறுப்புகள் அனைத்தும் அமைந்திருத்தலைக் காண்க. எதனை எய்த வேண்டும் என்பது தெளிவாயிருந்தது. எவ்வளவு என்பது எண்ணாயிருந்தது, அவ்வெண் பூச்சியம். எந்நாளுக்குள் என்பதும் குறிக்கப்பட்டது. தவறின் என்னாகும் என்பதும் சொல்லப்பட்டது. இருந்தும் அக்குறிக்கோள் உரிய நாளில் நிறைவேறவில்லை. காலம் நீட்டித்துத் தருமாறு பட்டறையாளர் வேண்டினர், நீட்டிப்பு வந்தது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 2009ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் உச்சநீதிமன்றம் உயர்நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்து, மூன்று திங்கள் தவணை அளித்தது. அத்தவணையும் கழிந்தது, ஆற்றில் கழிவு ஓடுதல் நிற்கவில்லை. முடிவில், 2011ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், சாயப்பட்டறைகளையும் சலவைப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் ஒருசேர மூடுமாறு உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

அந்நாளில் திருப்பூர் பட்ட துன்பம் சொல்லுந்தரத்தது அன்று. சாயம் ஏறாமல் துணி ஆடையாகாது. ஆதலின் பின்னுவோர், வெட்டுவோர், தைப்போர், பெட்டி கட்டுவோர் என அனைவர் கையும் ஓய்ந்தது. துணியை வெளியூருக்கு அனுப்பிச் சாயமேற்றிப் பெறவேண்டியதாயிற்று. கூலி இழந்த தொழிலாளர் பலர் தம் ஊர் திரும்பினர். கடன் வாங்கிப் பட்டறை வைத்த சிறு முதலாளிகள் சிலர் மீண்டும் தலையெடுக்கவே இல்லை. நீதிமன்றத்தின்மேல் வருத்தம் கொண்டோரும் உண்டு. ஆனால், ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழ்ந்த உழவன் அதற்கு முன்னரே பல்லாண்டுகளாக வருமானம் இழந்து நின்றவன். அவன் நிலத்தின் இழப்பு எந்தப் பட்டறையின் கணக்கேட்டிலும் செலவாக எழுதப்படவில்லை. ஒருவன் ஆக்கத்திற்குரிய செலவைப் பிறன் ஒருவன் தலையில் ஏற்றி வைத்தால், அது மறைந்து போவதில்லை. காலங்கடந்து வட்டியொடு திரும்பி வருகின்றது. மாசு செய்தவனே அதற்குரிய பொருளைத் தரவேண்டும் என்பது நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட கொள்கை. தமிழ்நாட்டுத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கில் 1996ஆம் ஆண்டிலேயே உச்சநீதிமன்றம் இதனை வலியுறுத்தியுள்ளது.

பூச்சியம் என்னும் எண்ணை எய்த முடியாது என்றே பலரும் அதுவரை கருதினர். மூடப்பட்ட கதவுகள் அக்கருத்தை மாற்றின. மாநில அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாக அளிக்க முன்வந்தது. பொறியியலாரும் பட்டறையாளரும் கூடி முயன்றனர். உரிய கருவிகளை அமைத்துக் காட்டிய நிலையங்கள் படிப்படியாகத் திறக்கப்பெற்றன. இன்று திருப்பூர்ப் பகுதியில் 18 பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. தமக்கெனத் தனி நிலையம் வைத்துள்ள ஆலைகளும் உண்டு.

அங்கு நிகழ்வது யாதெனிற் கூறுவோம். பட்டறைகளிலிருந்து குழாய்வழி வரும் கழிவுநீரை முதலில் பெருந்தொட்டியில் சேர்த்து ஒருசீராகக் கலக்குவர். அடுத்து, நுண்ணுயிர்கள் அதிலுள்ள கரிமப் பொருள்களை உண்ணுமாறு காற்றூட்டுவர். பின்னர் வடிகட்டி, நிறம் நீக்குவர். முற்காலத்தில் வேலை இவ்வளவில் நின்றது. இப்பொழுதோ அந்நீரை மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய சவ்வுகளினூடே செலுத்துகின்றனர். நீர் மட்டும் சவ்வைக் கடந்து தூயதாய் வெளிவரும், உப்பு பின்தங்கும். இதுவே ஆர்.ஓ. என்று நாம் வழக்கிற் கூறும் எதிர்ச் சவ்வூடு பரவல் முறை. பின்தங்கிய உப்புக்கரைசலைக் கொதிகலத்தின் நீராவி கொண்டு காய்ச்சுவர். ஒரு கலத்தில் எழும் ஆவி அடுத்த கலத்தைச் சூடேற்றுமாறு கலங்களை வரிசையாக அமைத்திருத்தலின் எரிபொருள் மிச்சமாகின்றது. நீர் ஆவியாகிப் பிரிந்தபின் உப்பு படிகமாகின்றது. சில நிலையங்களில், காய்ச்சுவதற்கு முன்னரே கரைசலின் ஒரு பகுதியை நிறம் நீக்கித் தூய்மை செய்து, சாயத் தொட்டியில் இடுதற்குரிய உப்புநீராகப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகின்றனர். இவ்வாறு நூற்றுக்குத் தொண்ணூறு பங்கிற்கு மேற்பட்ட நீர் மீண்டும் துணி வெளுக்கவும் சாயமேற்றவும் பயன்படுகின்றது. ஆற்றைக் கெடுத்த அதே உப்பு, விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளாதலின், மீட்கப்பட்டபின் வரவாகின்றது. கழிவு என்று நாம் பெயரிட்டது, இடம் மாறிக் கிடந்த செல்வமே என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

மீட்டல் ஒருபுறம் இருக்க, செலவைக் குறைத்தலும் உடன் நிகழ்ந்தது. பழைய தொட்டிகளுக்கு மாறாக, குறைந்த நீரில் துணியைச் சுழலச் செய்யும் சாய எந்திரங்கள் வந்தன. முன்னர்க் கண்ட கணக்கில் 10 லிட்டர் தொட்டி நீரை 6 லிட்டராகக் குறைத்தால், உப்பு 600 கிராமிலிருந்து 360 கிராமாகத் தானே குறைந்துவிடுகின்றது. வெளியேறும் கழிவைத் தூய்மை செய்தலினும், கழிவே தோன்றாது செய்தல் சிறப்புடையது. இவற்றொடு, பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றைப் பயன்கொள்ளப் பல்லடம், உடுமலை, தாராபுரப் பகுதிகளில் திருப்பூர்த் தொழிலதிபர் பலர் காற்றாலைகள் நிறுவியுள்ளனர். 2015ஆம் ஆண்டு தொடங்கிய "வனத்துக்குள் திருப்பூர்" என்னும் முயற்சியால் மாவட்டத்தில் இலட்சக்கணக்கான மரக்கன்றுகள் நடப்பெற்றன. நகரை அடுத்துள்ள நஞ்சராயன் குளம் பறவைகள் சரணாலயமாக 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பெற்றது; 2024ஆம் ஆண்டு உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

இவ்வளவும் கேட்டு, வேலை முடிந்தது என்று கருதிவிடலாகாது. பயன்படுத்தவியலாத கலப்பு உப்பும் சேறும் நிலையங்களில் இன்னும் மூட்டைகளாகத் தேங்குகின்றன. அவற்றிற்கு முற்றிலும் நிறைவான வழி காணப்படவில்லை. உப்புநீரைக் காய்ச்ச விறகும் மின்சாரமும் மிகுதியாகச் செலவாகின்றன. நீரைக் காக்கும் வேலை காற்றைக் கெடுக்காதிருத்தல் வேண்டும். இரவிலும் மழைநாளிலும் மறைவாகக் கழிவைத் திறந்துவிடும் சிலரைப் பற்றிய முறையீடுகள் இன்றும் எழுகின்றன. நகரங்களின் சாக்கடை நீரும் நொய்யலிற் கலக்கின்றது. அதற்குப் பட்டறைகளைக் குறை கூறிப் பயனில்லை, நகரில் வாழும் நாமனைவரும் பொறுப்பு. பல்லாண்டு உவர் ஏறிய நிலம் ஒரு மழையில் இனியதாகிவிடுவதும் இல்லை.

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? திருக்குறளில் வினைத்தூய்மை, வினைத்திட்பம், வினைசெயல்வகை என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து 66, 67, 68ஆம் அதிகாரங்களாக நிற்கின்றன. அவ்வரிசையே ஒரு வழிகாட்டி எனலாம். முதற்கண் நோக்கம் தூயதாதல் வேண்டும். தண்டத்திற்கு அஞ்சியோ, பொருள் வாங்கும் வெளிநாட்டார் மெச்சவோ மட்டும் குறிக்கோள் வகுப்பவன், காண்பார் இல்லாத இரவில் அதனைக் கைவிடுவான். அடுத்து வேண்டுவது மனவுறுதி. தவணைமேல் தவணை கேட்டுக் கழித்த ஆண்டுகள் பட்டறையாளர்க்கும் நன்மை தரவில்லை என்பதை 2011ஆம் ஆண்டு காட்டிவிட்டது. அவ்வாண்டில் செய்ததை 2007இலேயே செய்திருப்பின், தொழிலாளர் கூலி இழந்திரார். சிறு முதலாளிகள் பலர் பிழைத்திருப்பர். மூன்றாவது செயல்முறை. எதனை அளப்பது, எவ்வளவு குறைப்பது, எந்நாளுக்குள், யார் பொறுப்பு, யார் சரிபார்ப்பது என்னும் ஐந்திற்கும் விடையில்லாத குறிக்கோள், முகவரி இல்லாத கடிதம் போன்றது. புறப்படும், போய்ச் சேராது.

இவ்வுண்மை சாயத் தொழிலுக்கு மட்டும் உரியதன்று. 1956ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற நெய்வேலி நிறுவனம் பழுப்பு நிலக்கரி தோண்டுகின்றது. அங்கே நிலக்கரிப் படலத்தின் கீழ் அழுத்தத்தொடு நிற்கும் நிலத்தடி நீரை இடையறாது இறைத்தாலன்றிச் சுரங்கம் இயங்காது. அந்நீரை எங்ஙனம் பயன்படுத்துவது, சுற்றூர்க் கிணறுகள் வற்றுகின்றன என்னும் உழவர் முறையீட்டிற்கு எங்ஙனம் விடை சொல்வது, தோண்டிய குழியை மீண்டும் மண்ணிட்டு நிரப்பி எங்ஙனம் மரம் வளர்ப்பது என்பன அங்குள்ள வினாக்கள். தொழில் எதுவாயினும், அது நிலத்தினின்று எடுப்பது எவ்வளவு, திருப்பித் தருவது எவ்வளவு என்னும் இரண்டு பத்திகள் அதன் கணக்கேட்டில் இருத்தல் வேண்டும். ஒரு பத்தியை மட்டும் எழுதிவைப்பது கணக்காகாது.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளைப் பட்டறை நடத்துவீர்கள். சிலர் அங்கே பணி செய்வீர்கள். சிலர் ஆற்றின் கீழ்க்கரையில் உழவு செய்வீர்கள். சிலர் நீதிபதிகளாகவும் பொறியியலாராகவும் விளங்குவீர்கள். எந்நிலையில் இருப்பினும், மேற்கரையில் நீங்கள் விடும் நீர் கீழ்க்கரையில் ஒருவன் வீட்டுக் கிணற்றை அடைகின்றது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். ஒரத்துப்பாளையத்து உழவன் தன் கிணற்று நீரை ஒரு கை அள்ளிப் பருகி, உவர்ப்பில்லை என்று சொல்லும் நாளே நொய்யலுக்கு வகுத்த குறிக்கோள் நிறைவேறிய நாள். அந்நாளை விரைந்து கொண்டுவருதல் உங்கள் தலைமுறையின் கடன்.